உளவியல் முதுகலையில் எந்தப் பிரிவு? பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பி.எஸ்சி. சைக்காலஜி கடைசி ஆண்டில் இருப்பவரானாலும், வேறு பட்டம் முடித்துவிட்டு உளவியல் பக்கம் வர நினைப்பவரானாலும், கல்லூரி இணையதளத்தைத் திறந்ததும் ஒரு நீண்ட பட்டியல் கண்ணில் படும்: கிளினிக்கல், கவுன்சலிங், அப்ளைடு, ஆர்கனைசேஷனல், ஃபாரன்சிக், நியூரோ. பெயர் பிடித்திருக்கிறது என்று ஒன்றில் சேர்ந்து, இரண்டு ஆண்டும் கையிலிருந்த பணமும் கரைந்த பிறகு, "இந்தப் பட்டத்தை வைத்து நான் நினைத்த வேலையைச் செய்ய முடியாதாமே" என்று கலங்குபவர்கள் ஏராளம்.

காரணம் ஒன்றுதான். பட்டத்தின் பெயர் உரிமம் ஆகாது. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. தொழில் செய்யும் பதிவை வேறொரு அமைப்பு தருகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும் முறை கீழே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவர்களுக்காக எழுதியது.

1. வேலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

கல்லூரி விளம்பரத்தை மூடி வையுங்கள். நீங்கள் ஐந்து ஆண்டு கழித்துச் செய்ய விரும்பும் வேலைக்கான அறிவிக்கைகள் மூன்றைத் தேடி எடுங்கள். ஒன்று அரசு மருத்துவமனை அல்லது மாவட்ட மனநலத் திட்டம், ஒன்று பள்ளி அல்லது கல்லூரி, ஒன்று தனியார் நிறுவனம் என்று இருக்கட்டும். அவற்றில் "கல்வித் தகுதி" என்ற பத்தியை மட்டும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

அந்தப் பத்தியில் "ஆர்.சி.ஐ. பதிவு" (அதாவது இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு) என்று இருந்தால் உங்கள் பாதை ஒன்று. "உளவியலில் முதுகலை" என்று மட்டும் இருந்தால் பாதை வேறு. "நெட் அல்லது பிஎச்.டி." (நெட் என்பது கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வு) என்றால் இன்னொன்று. பிரிவைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இந்த ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடும். இதைச் செய்யாமல் சீனியர்களிடமும் யூடியூபிலும் கேட்டுக்கொண்டிருந்தால் ஆளுக்கொரு பதில்தான் வரும். அவரவர் படித்த பிரிவை அவரவர் சொல்வார்கள்.

2. கிளினிக்கல் சைக்காலஜி: அதிகம் ஏமாறும் இடம்

மருத்துவமனையில் மனநோய் உள்ளவர்களை மதிப்பீடு செய்வது, சோதனைகள் நடத்தி அறிக்கையில் கையெழுத்திடுவது, சிகிச்சை தருவது இவையெல்லாம் உங்கள் விருப்பம் என்றால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

"கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்பது இந்தியாவில் சட்டம் காக்கும் பெயர். இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992-இன் கீழ் அமைந்த ஆர்.சி.ஐ.யின் மத்தியப் பதிவேட்டில் பெயர் ஏறியவர்தான் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். பதிவு இல்லாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-உம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று வரையறுக்கும்போது ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பையே கேட்கிறது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? ஒரு பல்கலைக்கழகம் தன் விருப்பப்படி "எம்.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி" என்று பெயர் வைத்து ஒரு படிப்பை நடத்தலாம். பட்டம் செல்லும். அந்தப் பட்டத்தை வைத்து நெட் எழுதலாம், பாடம் நடத்தலாம், ஆலோசகர் வேலைக்குப் போகலாம். ஆனால் அந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அனுமதி இல்லையென்றால் பதிவு எண் கிடைக்காது. பெயர்ப்பலகையில் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போட முடியாது. பிஎச்.டி. முடித்தவர்களுக்கும் இதே கதைதான்: பெயருக்கு முன்னால் "முனைவர்" வந்துவிட்டதாலேயே பதிவு வந்துவிடாது.

நெடுங்காலமாக இருந்த பாதை இது: இரண்டாண்டு எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. சைக்காலஜி, அதன்பின் ஆர்.சி.ஐ. அனுமதி பெற்ற நிறுவனத்தில் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி. முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் கேட்பார்கள். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி சி.ஐ.பி., டெல்லி இப்பாஸ், தேஜ்பூர் மனநல நிறுவனம், நம் பக்கத்தில் முட்டுக்காடு நீப்மெட், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஆகியவை இந்தப் படிப்பை நடத்தியவை. இடங்கள் சொற்பம், போட்டி கடுமை.

இப்போது இந்தப் பாதை மாறிக்கொண்டிருக்கிறது. புதிய கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு விலக்குக் கொடுத்தது. எம்.ஃபிலின் இடத்துக்கு ஆர்.சி.ஐ. நான்காண்டு பி.எஸ்சி. ஹானர்ஸ், எம்.ஏ. கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி. (முனைவர் நிலைப் பட்டம்) என்று படிப்புகளை வகுத்திருக்கிறது. ஆகவே மூன்று ஆண்டுக்கு முன் முடித்த சீனியர் சொல்லும் பாதை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். 2025–26-க்குப் பிந்தைய ஆண்டுக்கு எம்.ஃபில். சேர்க்கை என்று விளம்பரம் வந்தால், யு.ஜி.சி. புதிய நீட்டிப்பு ஆணை வெளியிட்டிருக்கிறதா என்று அதன் தளத்தில் பார்த்த பிறகே விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.

ஆர்.சி.ஐ. அனுமதியைச் சரிபார்க்கும் விதம்:

ஆர்.சி.ஐ. தளத்தில் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மாநிலவாரியாக இருக்கும். அதில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நான்கு விவரங்கள் ஒத்துப்போக வேண்டும்: படிப்பின் முழுப்பெயர், அனுமதி எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எத்தனை இடம், எந்த வளாகம். சிறப்புக் கல்வி பி.எட். நடத்த அனுமதி வாங்கிய நிறுவனம் "ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றது" என்று பொதுவாகப் போட்டுவிட்டு, அதன் கீழே உளவியல் படிப்பையும் விளம்பரம் செய்யும். சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அந்த அனுமதி உங்கள் படிப்புக்கானது அல்ல. அதேபோல அனுமதிக் காலம் உங்கள் சேர்க்கை ஆண்டுக்கு முன்பே முடிந்திருந்தால், "புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்பார்கள். வந்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பட்டியல் பக்கத்தை, தேதி தெரியும்படி, சேரும் நாளன்றே பி.டி.எஃப். ஆகச் சேமித்துவைப்பது நல்லது.

படிப்புகள் பல நிலைகளில் வந்துவிட்டதால், எந்தப் பட்டத்துக்கு எந்த நிலைப் பதிவு என்பதையும் அந்தப் படிப்புக்கான ஆர்.சி.ஐ. விதிமுறை ஆவணத்திலேயே படியுங்கள். கல்லூரிக் கையேட்டில் இருப்பது அவர்கள் சொந்த வாசகம்.

3. கவுன்சலிங்: கதவுகள் அதிகம், ஆனால் பயிற்சியைப் பார்த்துச் சேருங்கள்

பள்ளி, கல்லூரி, போதை மறுவாழ்வு மையம், குடும்ப நீதிமன்றம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, எச்.ஐ.வி. பரிசோதனை மையம், 14416 என்ற எண்ணில் இயங்கும் அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸ், நிறுவன ஊழியர் நலத் திட்டங்கள் என்று ஆலோசகர்கள் வேலை பார்க்கும் இடங்கள் பல. பெரும்பாலானவற்றில் முதுகலை உளவியல் அல்லது சமூகப்பணிதான் கேட்கப்படுகிறது. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி நடத்துகிறது. மும்பை டிஸ் (டாட்டா சமூக அறிவியல் நிறுவனம்) நடத்தும் அப்ளைடு சைக்காலஜி படிப்பும் பலர் குறிவைப்பது.

ஆலோசகர்களுக்கு நீண்ட காலம் தனி உரிமம் என்று ஒன்று இல்லாமல் இருந்தது. 2021-இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் உளவியலாளர்களையும் நடத்தைநலத் தொழிலர்கள் என்ற வகைக்குள் கொண்டுவந்திருக்கிறது. மாநிலக் கவுன்சில் பதிவு இதன் வழியாக வருவது. ஆகவே இன்று பட்டம் மட்டும் போதும் என்று வேலைக்குப் போனவரிடம், நாளை எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் பயிற்சி பெற்றீர்கள் என்று கேட்கும் காலம் வரும். அந்த ஆதாரத்தைப் படிக்கும்போதே சேர்த்து வையுங்கள். எப்படி என்பது 9-ஆவது பகுதியில்.

கவுன்சலிங் படிப்பைத் தேர்வு செய்யும்போது துறைக்குப் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள். மாணவர் நேரில் ஆட்களைப் பார்ப்பது எந்த செமஸ்டரில் தொடங்குகிறது? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆசிரியர் உட்கார்ந்து அந்த அமர்வுகளைப் பரிசீலிப்பார்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான எண் வராத இடத்தில் நீங்கள் படிக்கப் போவது கவுன்சலிங் பற்றிய பாடமே. கவுன்சலிங் செய்யப் பழக மாட்டீர்கள். நீச்சலைக் கரும்பலகையில் கற்க முடியாது.

4. மற்ற பிரிவுகள்

மறுவாழ்வு உளவியல்: பலருக்குத் தெரியாத பிரிவு, ஆனால் இதுவும் ஆர்.சி.ஐ. வட்டத்துக்குள் வருகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுடனும் அவர்கள் பெற்றோருடனும் வேலை. செகந்திராபாத் நீபிட் நிறுவனம் இதில் எம்.ஃபில். நடத்திய இடம். மாற்றுத்திறனாளிச் சான்றுக்கான மதிப்பீட்டில் கிளினிக்கல் அல்லது மறுவாழ்வு உளவியலாளர் தேவைப்படுவதால் மாவட்டத் தலைநகரங்களில் இவர்களுக்குத் தேவை உண்டு. கிளினிக்கல் இடம் கிடைக்கவில்லை என்று ஓராண்டு காத்திருப்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

நிறுவன உளவியல்: இங்கே உங்களோடு போட்டியிடுவது எம்.பி.ஏ. மனிதவளம் படித்தவர். அவருக்குத் தெரியாத ஒன்று உங்களிடம் இருந்தால்தான் வேலை. அது உளஅளவியல்: ஒரு தேர்வின் நம்பகத்தன்மையும் ஏற்புடைமையும் கணக்கிடுவது, கேள்வித்தாள் வடிவமைப்பது, எக்செல், எஸ்.பி.எஸ்.எஸ்., ஆர் போன்ற மென்பொருள்களில் தரவை அலசுவது. பாடத்திட்டத்தில் புள்ளியியல் ஒரே ஒரு தாள், அதுவும் கோட்பாடு மட்டும் என்றால் இந்தப் பிரிவை அந்த இடத்தில் எடுக்காதீர்கள்.

பள்ளி உளவியல்: சி.பி.எஸ்.இ. இணைப்பு விதிகள் ஆலோசகர் ஒருவரை வைத்திருக்கும்படி பள்ளிகளைக் கேட்கின்றன. கற்றல் குறைபாட்டை மதிப்பிடத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். பினே-காமத் சோதனை, குழந்தைகளுக்கான மாலின் நுண்ணறிவுச் சோதனை, வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் மூன்றையும் செய்முறையில் சொல்லித் தருகிறார்களா, துறையில் அந்தச் சோதனைப் பெட்டிகள் சொந்தமாக இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். ஆனால் குறைபாட்டுச் சான்றுக்கான அறிக்கை என்று வரும்போது கேள்வி மறுபடியும் பதிவு எண்ணில் போய் நிற்கும்.

ஃபாரன்சிக்: தொடர்களைப் பார்த்து வருகிற ஆர்வம் இதில் அதிகம். காந்திநகர் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் இந்தத் துறைப் படிப்புகளை நடத்துகிறது. தடய அறிவியல் ஆய்வகங்களில் பணியிடங்கள் மிகக் குறைவு. அறிவிக்கை எப்போதாவதுதான் வரும். இதை முதன்மைத் தொழிலாக நினைத்தால் கிளினிக்கல் பதிவையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். சிறை, சிறார் நீதி அமைப்புகளில் வேலை செய்ய அந்தப் பதிவு துணை நிற்கும்.

அறிவாற்றல் அறிவியல், நரம்பு உளவியல்: ஆராய்ச்சிப் பக்கம் போகிறவர்களுக்கானது. ஐ.ஐ.டி. காந்திநகர், அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை மற்றும் அறிவாற்றல் அறிவியல் மையம் ஆகியவை தெரிந்த இடங்கள். கணினி நிரல் எழுதத் தயாராக இருக்க வேண்டும். மூளைக் காயம், பக்கவாதம் உள்ளவர்களை மதிப்பிட விரும்புகிறவர்களுக்கு இது குறுக்குவழி ஆகாது. அவர்கள் பாதை கிளினிக்கல் வழியாகத்தான்.

ஆசிரியப் பணி, ஆராய்ச்சி: பிரிவு எதுவாக இருந்தாலும் முதுகலையில் 55 விழுக்காடு (ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50) இருந்தால் யு.ஜி.சி. நெட் எழுதலாம். உளவியலின் பாட எண் 04. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 3 மணி நேரம். இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. முதுகலை இறுதியாண்டில் இருப்பவர்களும் எழுதலாம் என்பதால் மூன்றாம் செமஸ்டர் முடிந்ததுமே தொடங்குங்கள்.

5. தொலைநிலைக் கல்வி: பழைய தகவலை நம்பாதீர்கள்

வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. சைக்காலஜி முடிப்பது பல ஆண்டுகளாக நடந்துவந்த ஒன்று. 3-ஆவது பகுதியில் சொன்ன 2021 சட்டத்துக்குள் வரும் உளவியல் உள்ளிட்ட படிப்புகளைத் தொலைநிலை வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது, 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. இணையத்தில் கிடக்கும் பழைய பதிவுகளும் இடைத்தரகர்களும் இன்னமும் "வீட்டிலிருந்தே எம்.எஸ்சி. சைக்காலஜி" என்று அழைக்கிறார்கள். தடைக்குப் பின் அப்படிச் சேர்ந்து வாங்கும் பட்டத்தின் மதிப்பு கேள்விக்குள்ளாகும்.

முன்பே தொலைநிலையில் முடித்தவர்கள் அடுத்த படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, கையேட்டில் "ரெகுலர்" என்ற சொல் தகுதிப் பத்தியில் இருக்கிறதா என்று தேடுங்கள். மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய படிப்புகளில் பல இடங்கள் நேரடி வகுப்பில் படித்த முதுகலையையே கேட்கின்றன.

6. உங்கள் இளங்கலை எதற்கு இடம் தரும்

சில பல்கலைக்கழகங்கள் எந்தப் பட்டம் படித்தவரையும் முதுகலை உளவியலில் சேர்க்கின்றன. சில இடங்களில் இளங்கலையில் உளவியல் முதன்மைப் பாடமாக இருக்க வேண்டும். பி.காம்., பி.இ. முடித்தவர்கள் முதல் வகையில் சேரலாம், தவறில்லை. ஆனால் பின்னால் கிளினிக்கல் போக நினைத்தால், அந்த அடுத்த படிப்பு இளங்கலை உளவியலையும் கேட்கிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். இரண்டு படி தாண்டிப் பார்க்காமல் முதல் படியில் கால் வைப்பதுதான் இங்கே பெரிய தவறு.

மதிப்பெண் விழுக்காட்டில் ஒரு பொறி இருக்கிறது. நம் பல்கலைக்கழகங்களில் பகுதி 1 மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மையும் துணைப்பாடமும் என்று மதிப்பெண் பிரிந்திருக்கும். ஓர் இடம் பகுதி 3-ஐ மட்டும் கணக்கிடும். இன்னோர் இடம் எல்லாவற்றையும் கூட்டும். உங்கள் 58 அங்கே 54 ஆகிவிடலாம். 54.8-ஐ 55 ஆக யாரும் ஏற்றித் தர மாட்டார்கள். சி.ஜி.பி.ஏ. மட்டும் அச்சான மார்க் ஷீட் என்றால், அதை விழுக்காடாக மாற்றும் விதியைப் பல்கலைக்கழக முத்திரையுடன் எழுதி வாங்குங்கள். பத்தால் பெருக்கி நீங்களே போடுவது சரிபார்ப்பில் நிற்காது.

7. சான்றிதழ்கள்

இளங்கலை முடிவு வந்த வாரமே இவற்றைக் கையில் வையுங்கள்: எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டும், ஒருங்கிணைந்த மார்க் ஷீட், ப்ராவிஷனல், டி.சி., நன்னடத்தைச் சான்று, மைக்ரேஷன், பத்தாம் வகுப்பு மற்றும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றுகள், சாதிச் சான்று, ஆதார், ஏ.பி.சி. (கல்விப் புள்ளிகளைச் சேமிக்கும் கணக்கு) எண். மைக்ரேஷனைப் பல்கலைக்கழகம் தரும், டி.சி.யைக் கல்லூரி தரும். இரண்டையும் ஒன்றென்று நினைத்துச் சேர்க்கை நாளன்று ஓடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவரிடம் தகுதிச் சான்றும் கேட்கும் இடங்கள் இருக்கின்றன.

ஓ.பி.சி. சான்று தனியாகச் சொல்ல வேண்டியது. உங்களிடம் இருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. நிரந்தரச் சாதிச் சான்று மாநில நிறுவனங்களுக்குத்தான். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி பல்கலைக்கழகம், நிம்ஹான்ஸ், நீப்மெட் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயர் அல்லாதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்று வேண்டும். அது அந்தந்த நிதியாண்டில் வாங்கியதாக இருக்கும்படி கேட்பார்கள். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை. அதை முதலில் பாருங்கள். இ-சேவை வழியாக விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கைமாறி வட்டாட்சியரிடம் வரும். மே மாதம் கூட்டம் அதிகம் என்பதால் ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் "எஸ். கவிதா", ஆதாரில் "கவிதா செல்வம்", இளங்கலைப் பட்டத்தில் "கவிதா எஸ்" என்று மூன்று விதமாக இருந்தால் நுழைவுத்தேர்வு விண்ணப்பத்திலும், பின்னர் தொழில் பதிவிலும் தடங்கல் வரும். பத்தாம் வகுப்புச் சான்றை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவது எளிது. அதை விண்ணப்பம் திறப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

8. தேதியும் செலவும்

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத்தேர்வு. விண்ணப்பம் டிசம்பர்–ஜனவரி வாக்கில், தேர்வு மார்ச்சில். 75 கேள்வி, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். 2025-இல் பொதுப் பிரிவினருக்கு இரண்டு தாள் வரை 1,400 ரூபாய் கட்டணம். பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஓராண்டு போய்விடும். தேர்வு எழுதிவிட்டால் இடம் தானாக வரும் என்று நினைப்பது இன்னொரு பொறி. தேர்வு முகமை மதிப்பெண்ணை மட்டும்தான் தரும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனித்தனியாகப் பதிவு செய்து, தனித்தனியாகக் கட்டணம் கட்டி, விருப்ப வரிசை கொடுக்க வேண்டும்.

சென்னை, பாரதியார், அண்ணாமலை போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏப்ரலுக்குப் பிறகு விண்ணப்பம் தொடங்கி ஜூலை–ஆகஸ்டில் வகுப்பு ஆரம்பிக்கும். தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நவம்பரிலேயே நேர்காணல் வைத்து, "ஒரு வாரத்தில் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்று அவசரப்படுத்தும். அந்த அவசரத்துக்கு ஆளாகாதீர்கள்.

அப்படிக் கட்டிவிட்டாலும் திரும்பப் பெற வழி இருக்கிறது. யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி, அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுத் தொகையும் திரும்ப வரும். நடைமுறைக் கட்டணமாக 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு. கடைசித் தேதி தாண்டி 15 நாள் வரை 80, அதன்பின் 30-ஆவது நாள் வரை 50, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு உரிமையில்லை. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி.

கல்விக் கட்டணம் அரசுத் துறைகளில் குறைவு. தனியாரில் ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். அதோடு கணக்கில் வராத செலவுகள் சேரும். இன்டர்ன்ஷிப்புக்குப் பல மருத்துவமனைகள் மாணவரிடமே பணம் வாங்குகின்றன. வெளியூர் என்றால் ஒரு மாதத் தங்குமிடம், சாப்பாடு. ஆய்வேட்டுக்கு அச்சு, பைண்டிங், காப்புரிமை உள்ள அளவுகோல்களுக்கு உரிமக் கட்டணம். சேர்க்கைத் தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மூன்றாம் செமஸ்டரில் திண்டாட வேண்டிவரும். கல்விக் கடன் தேவைப்பட்டால் 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உறுதித் திட்டத்தின் கீழ் பிணை இல்லாமல் தரும் ஏற்பாடு இருக்கிறது. வங்கி கேட்கும் கட்டண விவரத்தில் விடுதி, பயிற்சிச் செலவையும் கல்லூரியிடம் எழுதி வாங்கிச் சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்ப்பது கடினம்.

9. சேர்ந்த நாளிலிருந்து சேர்க்க வேண்டிய காகிதங்கள்

முதுகலையில் "பிரிவு" என்பது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் செமஸ்டரில் வரும் சில தாள்கள்தான். உங்களை வேறுபடுத்துவது பயிற்சிப் பதிவு. முதல் இன்டர்ன்ஷிப்பிலிருந்தே ஒரு பதிவேடு வையுங்கள்: தேதி, நேரம், வந்தவரின் வயது, வந்த காரணம், நீங்கள் செய்தது, மேற்பார்வையாளர் சொன்னது. பெயரோ, ஊரோ, போன் எண்ணோ எழுதவே கூடாது. வாரக் கடைசியில் மேற்பார்வையாளர் கையெழுத்து, அவருடைய பதிவு எண்ணுடன். முடிவில் மருத்துவமனைத் தலைப்புத்தாளில் மொத்த மணி நேரத்தைக் குறிப்பிட்டுச் சான்று வாங்குங்கள். "இன்டர்ன்ஷிப் முடித்தார்" என்று ஒரு வரியில் முடியும் சான்று எதற்கும் உதவாது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் ஆன்லைனில் ஸ்லைடு காட்டிவிட்டுத் தரும் சான்றை நேர்காணல் குழுவில் இருப்பவர்கள் பார்த்த உடனே ஒதுக்குவார்கள்.

நீங்கள் படிக்கும் ஆண்டுக்கான முழுப் பாடத்திட்டத்தையும் பி.டி.எஃப். ஆக வைத்துக்கொள்ளுங்கள். திட்டம் மாறியதும் பழையதைத் தளத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். வெளிநாட்டுக்குப் போக நினைத்தாலும், வேறு பதிவுக்கு விண்ணப்பித்தாலும் தாள்வாரியாக அதைக் கேட்பார்கள். துறைத் தலைவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிய பிரதி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

ஆர்.சி.ஐ. அனுமதியுள்ள படிப்பை முடித்தவர்கள் தேர்ச்சிச் சான்று வந்ததும் பதிவுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிட வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்குக் காத்திருக்க வேண்டாம். பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். புதுப்பிக்கும்போது அந்த 5 ஆண்டில் தொடர் கல்விப் பயிற்சிகளில் சேர்த்த புள்ளிகளைக் காட்ட வேண்டும். அதற்காகக் கலந்துகொள்ளும் பயிலரங்கு ஆர்.சி.ஐ. அனுமதி எண் உள்ளதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எண் இல்லாத பயிலரங்கின் சான்றுக்குப் புள்ளி கிடையாது.